வற்றிய குளத்தில் கொக்கு

மழைச் சத்தம்தான் முதலில் காதுக்கு வருகிறது. வானத்து மழை இல்லை. முப்பத்தாறு பிள்ளைகள் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டுவார்கள். தூறல். அப்புறம் இரண்டு விரல், மூன்று, நான்கு. ஐந்து விரலும் சேர்ந்துவிட்டால் ஐப்பசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கொட்டுமே, அதே சத்தம். பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. ஓய்ந்துவிடும். நன்றாகச் சொன்ன பிள்ளைக்கு வகுப்பு கொடுக்கிற பாராட்டு அது. இப்போதும் எங்கேயாவது கூரையில் மழை விழுந்தால், யார் சரியான பதில் சொன்னார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பதினேழு வருஷமாயிற்று, அம்மா.

உங்கள் கையில் சுருட்டி வைத்திருக்கிற சார்ட்டையும் மடியிலிருக்கிற தெர்மாகோலையும் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைக்குத்தானே? ஏழாம் வகுப்பா? நினைத்தேன். ஆறாம் வகுப்புக்கு ஒரு சார்ட், ஏழுக்கு சார்ட்டும் தெர்மாகோலும், எட்டுக்கு அதன்மேல் பல்பு எரியவேண்டும். யார் செய்வது? நீங்களா? வெட்கப்படாதீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நீங்கள் ஒரு பிள்ளைக்குச் செய்கிறீர்கள். நான் முப்பத்தாறு பிள்ளைகளுக்குச் செய்தவள்.

ரயில்வே கேட் மூடிவிட்டான், பஸ் இனி நகராது. கூட்ஸ் வண்டி என்றால் கால்மணி நேரம் ஆகும். சொல்கிறேன். நான் பேசுவது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் வியாதி. எம்.ஏ. தமிழ். நடுநிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம். பெயர் அம்சவேணி. கல்லூரி ஆண்டு மலரில் என் கவிதை மூன்று வந்திருக்கிறது. மூன்றாவதில் கடைசி வரியை அச்சுக்கோப்பவர் விட்டுவிட்டார். விட்டதால்தான் நன்றாக இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அப்போது புதிய கற்றல் முறை வந்திருந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாயை விரி என்றார்கள். ஆறு ஆறு பேராகப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அறிவியல் பாடமென்றால் செம்பருத்தியை பிளேடால் நெடுக்காகக் கீறிச் சூல்பையைத் தேடுவார்கள். கணக்குக்குச் சணல் கயிற்றை வைத்து மைதானத்தை அளப்பார்கள். ஒரு குழுவுக்கு வந்த சுற்றளவு இன்னொரு குழுவுக்கு வராது, அதற்கொரு சண்டை நடக்கும். தமிழுக்கு முதலில் பாடத்தைத் தாமாகப் படித்து, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடவேண்டும். அடுத்தது மனவரைபடம். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து சிலந்திக்கு இருப்பது போல எட்டுக் கை, ஒவ்வொரு கையிலும் பாடத்தில் கண்ட ஒரு விஷயம். அப்புறம் குழுவாகத் தொகுத்துச் சொல்வது. கடைசியில், சொந்தமாக ஏதாவது எழுதுவது.

நல்ல முறைதான். எனக்குத்தான் கை சும்மா இருக்காது. நீர்நிலைகள் என்று ஒரு பாடம். ஒரு பையன் நடுவட்டத்தில் 'குளம்' என்று போட்டு, ஒரு கையில் 'எங்க சித்தப்பா உழுந்தது' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று எழுதினேன். 'உழுந்தது' என்பதையும் திருத்தினேன். சித்தப்பா பிழைத்தாரா என்று கேட்கவில்லை.

அந்த வகுப்பில் சத்யகலா என்று ஒருத்தி. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். 'கு...ள...ம்' என்று சேர்ப்பதற்குள் அடுத்த பிள்ளை பாடத்தையே முடித்துவிடும். மூளை இல்லாமல் இல்லை, வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள். மிச்ச நாள் அம்மாவோடு முந்திரிக் கம்பெனி. எங்கள் பக்கம் தெரியும்தானே? வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கவேண்டும், ஓட்டிலிருக்கிற எண்ணெய் பட்டால் தோல் உரிந்துவிடும். அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கறுப்பாக விரல் பதிந்திருக்கும். 'சுத்தம் தேவை' என்று அதற்கும் சிவப்பு மை போட்டிருக்கிறேன்.

புரட்டாசியில் அவள் அம்மா அஞ்சலை வந்து, "தீவாளியோட நிறுத்திக்கிறேன் டீச்சர்" என்றாள்.

"ஏழாவது பாதியில நிறுத்துவாங்களா அஞ்சல?"

"பாதின்னா இன்னா, முழுசுன்னா இன்னா டீச்சர்? இவ கீழ ரெண்டு கெடக்குது."

அதே வாரம் எங்கள் தலைமையாசிரியர் கலியபெருமாள் சார் ஒரு சேதி சொன்னார். மாவட்டத்திலிருந்து பெண் அதிகாரி ஒருவர் வகுப்பு பார்க்க வருகிறார். போகிற பள்ளியில் எல்லாம் ஒரு பெண்பிள்ளையைத் தேர்ந்து, பெண்களுக்கான உறைவிடப் பள்ளிக்கு எழுதிக்கொண்டு போவார். பத்தாவது வரை சோறு, துணி, படிப்பு எல்லாம் அங்கேயே. ஒரு பள்ளிக்கு ஒரு இடம். "நீங்களே ஒரு பொண்ணைக் காட்டுங்க டீச்சர்" என்றார். சுற்றறிக்கைப் புத்தகத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

படிக்கவில்லை. சுற்றறிக்கையை யார் படிக்கிறார்கள்? நோட்டு வரும், நம் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போடுவோம், அடுத்த வகுப்புக்குப் போகும். அன்றைக்கு எனக்கு வேறு வேலையும் இருந்தது. 'கொக்கு' என்பதற்கு ஒரு எதுகை தேடிக்கொண்டிருந்தேன்.

மதியமே அஞ்சலை வேலை செய்கிற கம்பெனிக்குப் போனேன். வாசலில் நின்று பேசினாள்.

"சோறு போடுவாங்களா டீச்சர்?"

"மூணு வேளையும்."

"அப்டின்னா கூட்டிம் போவட்டும். இல்லாங்காட்டி இங்க வந்து ஒடைக்கட்டும். ஆபீசரு வர்ற வரைக்கும் பாக்கறேன்."

"சீட்டு வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றேன். மார்பில் கையை வைத்துச் சொன்னேன். எனக்கு அந்த மாதிரிச் சைகைகள் உண்டு.

இப்போது கேளுங்கள். அதிகாரி வருகிறார் என்றால் ஒரு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? சுவருக்கு வெள்ளையடிக்கும், கழிப்பறைக்குப் பூட்டுப் போடும், நன்றாகப் படிக்கிற பிள்ளையை முன்னால் உட்காரவைக்கும். முப்பது வருஷமாக அதைத்தான் பார்த்தேன், செய்தேன். ஒரு பெண்ணைக் காட்டு என்றால் அவளை ஜொலிக்கவைத்துக் காட்டவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதிகாரி முன்னால் பிள்ளைகள் அங்கேயே யோசித்துச் சொந்தமாகக் கவிதை எழுதவேண்டும். அன்றைக்கு நடத்தப்போவது நீர்நிலைகள் பாடம், தலைப்பு குளம். ஒத்திகை வைத்துப் பார்த்தேன். 'குளத்தில் தண்ணீர் இருக்கும். எருமை இருக்கும். குளித்தால் சொறி வரும்.' எல்லோரும் அநேகமாக இதையே எழுதினார்கள். இதைப் போய் எப்படிக் காட்டுவது? ஒரே வாரத்தில் முப்பத்தாறு கவிதை நானே எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு எழுதியது அப்போதுதான். ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதினேன். சுமாரான பிள்ளைக்குச் சுமாரான கவிதை. நம்பும்படி இருக்கவேண்டுமே என்று சிலதில் நானே வேண்டுமென்று எழுத்துப்பிழை வைத்தேன். முதல் மார்க் வாங்குகிற புனிதா தன் தாளில் இருந்த பிழையைத் திருத்திக்கொண்டு வந்து, "டீச்சர், நீங்க தப்பா எழுதிட்டீங்க" என்று காட்டினாள். நன்றி சொல்லி, மறுபடியும் பிழையாக்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பையன்கள் கவிதையைக் கோலிக்குண்டு மாதிரி மாற்றிக்கொண்டார்கள். "டேய், உன்து நாலு வரி, என்து எட்டுடா. வச்சுக்கினு உன்தைக் குடு, ரெண்டு பம்பரம் தர்றேன்." எவன் எதைச் சொல்லப்போகிறான் என்று கடைசிவரை எனக்கே தெரியாது.

இருப்பதில் நல்ல கவிதையைச் சத்யகலாவுக்குக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தால் நாளாகும், நான் சொல்லச் சொல்லக் காதால் வாங்கிக்கொண்டாள். காது அவளுக்குப் பாம்புக் காது. இதுதான்:

குளம் வற்றிய பிறகும்
கொக்கு நிற்கிறது.
நினைவுக்கு
நீர் வேண்டுமா என்ன?

எப்படி இருக்கிறது? இல்லை, சும்மாதான் கேட்டேன். சொல்லத் தேவையில்லை. 'என்ன' என்று முடித்ததில் ஒரு நயம் இருக்கிறது, கவனித்தீர்களா? சரி, விடுங்கள்.

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், வத்துன கொளத்துல சேத்துக்குள்ள விரால் கெடக்கும். அதுக்குத்தான கொக்கு நிக்குது?"

"கவிதையில மீன் வராதும்மா."

"அப்பறம் கொக்கு இன்னாத்தத் திங்கும்?"

"அதிகாரி கேட்டா நினைவுக்காக நிக்குதுன்னு சொல்லணும். மீன்னு சொல்லக்கூடாது. என்ன?"

"சரிங்க டீச்சர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவங்க டீச்சர் அது" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கொக்கைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி வந்த நாள் வெள்ளிக்கிழமை. நல்ல அம்மா. பருத்திப் புடவை, சத்தமில்லாத பேச்சு. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டார். கலியபெருமாள் சார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தார். பிள்ளைகள் மனவரைபடம் போட்டார்கள், தொகுத்துச் சொன்னார்கள். பிறகு அதிகாரி, "குளத்தைப் பத்தி யாராவது கவிதை எழுதறீங்களா?" என்றதுதான் தாமதம், முப்பத்தாறு கையும் எழுந்துவிட்டன. யோசிப்பது போல நெற்றியில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வைக்க மறந்துவிட்டார்கள். இரண்டு பையன்கள் ஒரே கவிதையைச் சொன்னார்கள். பம்பர வியாபாரத்தில் ஏதோ மோசடி. அந்த அம்மா சிரித்துக்கொண்டார்.

புனிதா எழுந்தாள். வகுப்பிலேயே முதல் பிள்ளை, செய்தித்தாளைத் தடங்கலில்லாமல் வாசிப்பவள். முதல் வரியைச் சொன்னாள். அடுத்தது வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. உதடு கோணி, கண் நிறைந்து, அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கடைசியாகச் சத்யகலா. கையில் வெற்றுத் தாள். சொன்னாள் பாருங்கள், 'நினைவுக்கு' என்ற இடத்தில் நிறுத்தினாள், நான் நிறுத்தச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினாள். வகுப்பே அடங்கிப்போயிற்று. சரியாக அந்த இடத்தில் கலியபெருமாள் சாருடைய கைபேசி அடித்தது. அந்த மூன்றாம் வரிக்காக அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதிகாரி கேட்டார்: "கொக்கு ஏம்மா அங்க நிக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையை ஆட்டினேன்.

"நினைவுக்காகங்கம்மா."

அந்த அம்மாவே ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். வகுப்பு முழுக்க மழை. கவிதைக்குத்தானே தட்டுகிறார்கள், கவிதை யாருடையது?

பிறகு தலைமையாசிரியர் அறையில் காப்பி. அதிகாரி பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார். எழுதிவிட்டு, "உறைவிடப் பள்ளிக்கு யாரைச் சொல்றீங்க?" என்றார்.

"அந்தக் கொக்குப் பொண்ணுதாங்க மேடம். சத்யகலா" என்றார் சார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அவளையா? அவளை எதுக்கு அனுப்பணும்? அது பாடம் ஏறாம பின்தங்கிப்போன பிள்ளைகளுக்கு. இவ இங்கயே இவ்வளவு நல்லா வந்திருக்கா. சுற்றறிக்கையில தெளிவா போட்டிருந்தோமே, பாக்கலையா டீச்சர்?"

நான் கையெழுத்துப் போட்டவள். 'பார்த்தேன்' என்றும் சொல்லமுடியாது, 'பார்க்கவில்லை' என்றும் சொல்லமுடியாது.

"அம்மா, அவளை முந்திரிக் கம்பெனிக்கு அனுப்பிடுவாங்கம்மா" என்றேன்.

"இப்படி எழுதற பொண்ணை எந்தத் தாய் நிறுத்துவா? நீங்க போய்ச் சொல்லுங்க, கேப்பாங்க." பிறகு, சும்மா கேட்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அவளே எழுதினதுதானே டீச்சர்?"

அம்மா, இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். 'இல்லை, நான் எழுதினேன், அவள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், கூப்பிட்டு ஒரு வரி படிக்கச் சொல்லிப் பாருங்கள்.' அவ்வளவுதான். அந்த அம்மா கோபித்திருப்பார், ஆனால் பேனாவைத் திறந்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பதிவேடு என் பக்கமாகத் திறந்து கிடந்தது, மை காயவில்லை. 'தமிழாசிரியையின் உழைப்பு பெரிதும் பாராட்டத்தக்கது' என்று தலைகீழாகவே படித்துவிட்டேன். முப்பத்தாறு பிள்ளைகளும் பொய் சொன்னவர்களாகிவிடுவார்களே என்று நினைத்தேன். கலியபெருமாள் சார் ஓய்வு பெற ஆறு மாசம்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். பாருங்கள், எல்லோரையும் நினைத்திருக்கிறேன்.

"நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலைங்கம்மா" என்றேன்.

தொட்டது எல்லா எழுத்தையும்தானே, ஒன்றை அல்லவே. இலக்கணப்படி சரி.

"அப்ப அழுதாளே, அந்தப் பொண்ணை எழுதிக்கறேன். பாவம், ரொம்பப் பின்தங்கியிருக்கா" என்று புனிதாவின் பெயரை எழுதிக்கொண்டார். வகுப்பில் முதல் மார்க். கலியபெருமாள் சார் வாயைத் திறந்தார். அப்புறம் அந்த வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டார். புனிதாவின் அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் ஏழு பேர். அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அரைக்கிலோ அல்வா கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். பிள்ளை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். "உன் பொண்ணு ரொம்ப நல்லா சொன்னா அஞ்சல. ஆபீசரே பாராட்டினாங்க. நல்லா படிக்கிற பொண்ணுங்கறதால..."

"சீட்டு?"

"நல்லா படிக்கிற பிள்ளைக்கு அது கிடையாதாம்."

"நல்லா படிச்சா கெடையாதா? எங்க கம்பெனியிலகூட நல்லா ஒடைச்சா கூடக் குடுப்பானே டீச்சர்" என்றாள் அஞ்சலை. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "உங்க எடத்து ஞாயம் எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க."

சத்யகலா தெரு முனைவரை என்னோடு வந்தாள். "டீச்சர், நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னே."

"மீனுன்னு சொல்லல டீச்சர்."

"ஆமா. சொல்லல."

"சொல்லாம இருக்க கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று அன்றைக்கு இரவே உட்கார்ந்தேன். மூன்று வரைவு எழுதினேன். முதலாவதில் உண்மை இருந்தது, நடை சரியில்லை. இரண்டாவதில் நடை வந்தது, உண்மை கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவது மிக அழகான கடிதம். ஒரு சொல்லைக்கூட எடுக்கமுடியாது. அதில் நான் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அதையும் அனுப்பவில்லை, தபால்தலை இல்லாமல் போயிற்று.

அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. பெருமைக்காக இல்லை, மற்ற சான்றிதழ்களோடு சேர்ந்து கிடக்கிறது. பாருங்கள், 'பெரிதும்' என்று போட்டிருக்கிறார். சாதாரணமாகப் 'பாராட்டத்தக்கது' என்றுதான் எழுதுவார்கள்.

கேட் திறக்கிறான். உங்கள் தெர்மாகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி குலுங்கும்.

என்ன கேட்டீர்கள்? அவளா? தீபாவளி முடிந்து அவள் வரவில்லை. டிசம்பரில் பெயரை நீக்கினோம், நான்தான் கோடு போட்டேன். இருபது வயதில் கல்யாணம், இரண்டு பையன்கள். காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் இன்னமும் கொட்டை உடைக்கிறாள்.